கோடையும் கோப்பையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோடையில் ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளும் நண்பர்கள் ஆறு பேர் கூடி, நான்கு வெள்ளை ஒயின்களையும் நான்கு சிவப்பு ஒயின்களையும் சுவைத்துப் பார்க்க எண்ணியிருக்கிறோம். எங்களில் எவருக்கும் இதில் முன்பழக்கம் இல்லை. வெள்ளையைக் குளிரவைத்தும் சிவப்பை அறையின் வெப்பநிலையிலேயும் பரிமாற வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது போதுமா?

பதில்: போதாது. அதிலும் அந்த விதியின் பின்பாதி கோடைக்குச் சற்றும் பொருந்தாதது. சிவப்பு ஒயினை அறையின் வெப்பநிலையில் பரிமாறலாம் என்று முதலில் சொன்னவர்கள், வீடு முழுவதையும் சூடேற்றும் வசதிகள் வருவதற்கு முற்பட்ட ஐரோப்பிய வீடுகளை மனத்தில் வைத்துச் சொன்னார்கள். அங்கே அறையில் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் இருந்தாலே கதகதப்பு என்று பொருள். வெயில் காலத்தில் 30 டிகிரியைத் தொடும் அறையில் அதே சிவப்பு ஒயினைத் திறந்து ஊற்றினால், மற்ற மணங்களை எல்லாம் முந்திக்கொண்டு ஆல்கஹாலின் நெடி மூக்கில் ஏறும்; பழத்தின் மணம் அதன் பின்னால் மங்கிப்போகும்; புளிப்பின் பிடி தளர்ந்து, ஒயின் கொழகொழப்பாகவும் களைப்பாகவும் தோன்றும். நல்ல ஒயினை வாங்கிவிட்டு, அது நன்றாக இல்லை என்று பலர் முடிவு கட்டுவதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் எண்ணம்.

வெள்ளை ஒயினுக்கு நேர்வது இதற்கு மறுபக்கமான தீங்கு. வீட்டு ஃப்ரிட்ஜின் உட்புறம் ஏறக்குறைய 4 அல்லது 5 டிகிரியில் இருக்கும். அந்தக் குளிரில் மணம் தரும் மூலக்கூறுகள் ஆவியாகி மேலெழுவது குறைந்துவிடுகிறது. நாக்கும் இனிப்பைக் குறைவாகவே உணர்கிறது. மிஞ்சுவது புளிப்பும் குளிர்ச்சியும் மட்டுமே. தாகத்துக்கு அது இதமாக இருக்கலாம். ஆனால் நான்கு வெள்ளை ஒயின்களுக்கும் உள்ள வேறுபாட்டை அறிய வந்தவர்களுக்கு, நான்கும் ஒன்றுபோலவே இருக்கும்.

ஆகவே நாவில் படும்போது இருக்க வேண்டிய வெப்பநிலையைச் சொல்லிவிடுகிறேன். குமிழியிடும் ஒயினுக்கு 6 முதல் 8 டிகிரி. புளிப்பு தூக்கலான மெல்லிய வெள்ளை ஒயினுக்கு 8 முதல் 10. ஓக் பீப்பாயில் இருந்து வந்த கனமான வெள்ளைக்கு 10 முதல் 13. மெல்லிய சிவப்புக்கு 12 முதல் 14. கனமான சிவப்புக்கு 16 முதல் 18. நடைமுறையில் வெள்ளையைப் பரிமாறுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாக ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்துவைக்க வேண்டும். சிவப்பை ஓரிரு மணி நேரம் முன்னதாக உள்ளே வைக்க வேண்டும். அவசரமானால், பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த வாளியில் கழுத்துவரை முக்கி வையுங்கள். பனிக்கட்டியை மட்டும் கொட்டினால் கட்டிகளுக்கு இடையே காற்று நிற்பதால் குளிர்ச்சி மெதுவாகவே ஏறும். தண்ணீர் சேரும்போது புட்டியின் மேற்பரப்பு முழுவதிலும் குளிர் படுகிறது. கோப்பையில் ஊற்றிய ஒயின் கோடையில் விரைவாகச் சூடேறும் என்பதால், மேலே சொன்ன அளவைவிட இரண்டு டிகிரி குறைவாக ஊற்றுவது நல்லது. சமையலறை வெப்பமானி ஒன்று கையில் இருந்தால், விலை உயர்ந்த கோப்பைகளைக் காட்டிலும் அதுதான் உங்களுக்கு அதிகம் உதவும்.

கேள்வி: எட்டுப் புட்டிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது? முதல் நாள் வெள்ளை, மறுநாள் சிவப்பு என்று பிரித்துக்கொள்ளலாமா?

பதில்: அப்படிப் பிரிக்க வேண்டாம் என்பேன். ஒவ்வொரு நாளும் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்று வையுங்கள். முதல் நாள் மெல்லியவை, இரண்டாம் நாள் கனமானவை. எட்டையும் இணை இணையாகத் தேர்ந்தெடுங்கள். தனியாக ஒரு ஒயினைச் சுவைக்கும்போது 'நன்றாக இருக்கிறது' என்பதற்கு மேல் சொல்ல வாய் வராது; பக்கத்தில் இன்னொன்று இருக்கும்போது 'இது அதைவிடப் புளிக்கிறது, அது இதைவிட வாயில் நீண்ட நேரம் நிற்கிறது' என்று பழக்கமில்லாதவரும் சொல்லத் தொடங்கிவிடுவார்.

முதல் நாள் வெள்ளைக்கு ரீஸ்லிங், சாவின்யோன் பிளாங்க் ஆகிய இரு திராட்சை வகைகளின் ஒயின்களையும் வைக்கலாம். இரண்டிலும் புளிப்பு அதிகம், மணத்தில்தான் வேறுபாடு. சாவின்யோன் பிளாங்கில் பச்சைக் குடைமிளகாயையும் நறுக்கிய புல்லையும் நினைவூட்டும் மணம் எழும். மெத்தாக்சிபைரசின் என்னும் சேர்மங்களின் வேலை அது. ரீஸ்லிங் இளமையில் எலுமிச்சை, ஆப்பிள், பூ என்று மணக்கும்; சில ஆண்டுகள் புட்டியில் கிடந்த ரீஸ்லிங்கில் பெட்ரோல் வாடை வீசினால் திடுக்கிட வேண்டாம், அது அந்தத் திராட்சையின் இயல்பு. ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கிலிருந்து வரும் ரீஸ்லிங்குகளில் பல, சற்றே இனிப்பு மிச்சம் வைக்கப்பட்டவை. இனிப்பில்லாததுதான் வேண்டும் என்றால் முகப்புத் தாளில் 'ட்ரோக்கன்' என்ற சொல்லைத் தேடுங்கள். சிவப்புக்கு, பிரான்சின் போஜலே வட்டாரத்தின் கமே, பர்கண்டி வட்டாரத்தின் பீனோ நுவார். இரண்டும் மெல்லியவை, இரண்டையும் 13 டிகிரி அளவில் குளிரவைத்துப் பரிமாறும்போது, சிவப்பு ஒயின் கோடைக்கு ஆகாது என்ற எண்ணம் உங்கள் நண்பர்களிடமிருந்து விலகிவிடும்.

இரண்டாம் நாளின் வெள்ளை இணைதான் இந்த வார இறுதியின் சிறந்த பாடமாக அமையும். ஒரே திராட்சை, இரண்டு ஒயின்கள்: ஓக் பீப்பாய் படாத ஷாப்லி ஒன்று, பீப்பாயில் நொதித்து முதிர்ந்த ஷார்டொனே ஒன்று. ஷாப்லி என்பது பிரான்சின் ஒரு வட்டாரத்துப் பெயர்; அதன் ஒயினும் ஷார்டொனே திராட்சையிலிருந்து ஆவதுதான். பீப்பாயில் முதிர்ந்ததில் வரும் வெண்ணெய் மணமும் வனிலா மணமும் திராட்சையில் பிறந்தவை அல்ல. முதலாவது, கூர்மையான மாலிக் அமிலத்தைப் பாக்டீரியாக்கள் மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும்போது உண்டாகும் டயசெட்டைல். இரண்டாவது, தீயில் வாட்டிய ஓக் மரம் விட்டுக்கொடுத்த வனிலின். இரண்டு கோப்பைகளையும் அருகருகே வைத்து முகர்ந்தவருக்கு, திராட்சை தந்தது எது, ஒயின் செய்தவர் தந்தது எது என்பது அதன் பிறகு எந்தப் புட்டியிலும் ஓரளவு பிடிபடும். சிவப்புக்குக் காபர்னே சாவின்யோனும் சிராவும். காபர்னேயில் அதே குடைமிளகாய்ச் சாயல் தென்பட்டால் வியப்பில்லை. காபர்னே ஃபிராங்க்கும் சாவின்யோன் பிளாங்க்கும் இயற்கையாகக் கலந்து பிறந்ததே காபர்னே சாவின்யோன் என்று 1997இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. முதல் நாள் குடித்த வெள்ளையின் பிள்ளையை இரண்டாம் நாள் சிவப்பாகச் சந்திக்கிறீர்கள்.

கேள்வி: வெள்ளைக்குப் பிறகுதான் சிவப்பு என்ற வரிசை கட்டாயமா?

பதில்: கட்டாயமில்லை. பர்கண்டியின் நிலவறைகளில் சிவப்பை முதலிலும் வெள்ளையைப் பின்னாலும் சுவைக்கத் தருவது வழக்கம். மெல்லியது முன், கனமானது பின்; இனிப்பில்லாதது முன், இனிப்பானது பின் என்பவைதான் மீறக் கூடாதவை. இனிப்பு ஒயினுக்குப் பின் வரும் எதுவும் வெறும் புளிப்பாகவே படும்.

கேள்வி: கறுப்புத் திராட்சையிலிருந்து சிவப்பு, பச்சைத் திராட்சையிலிருந்து வெள்ளை என்பதைத் தவிர இரண்டுக்கும் வேறு வேறுபாடு உண்டா?

பதில்: அதையே முழு உண்மை என்று கொள்ள முடியாது. பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளை உரித்துப் பார்த்தால் சதை நிறமற்றுத்தான் இருக்கும்; நிறம் முழுவதும் தோலில் உள்ளது. வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து சாற்றை மட்டும் நொதிக்க விடுகிறார்கள். சிவப்புக்குத் தோலோடும் விதையோடும் நொதிக்க விடுகிறார்கள். ஆகவே கறுப்புத் திராட்சையைத் தாமதமின்றிப் பிழிந்தால் வெள்ளை ஒயின் கிடைக்கும். ஷாம்பெயின்களில் ஒரு பகுதி அப்படிக் கறுப்புத் திராட்சையிலிருந்து மட்டுமே செய்யப்படுகிறது. மறுதலையாக, பச்சைத் திராட்சையைத் தோலோடு ஊறவிட்டால் செம்பொன் நிறத்தில் துவர்ப்புள்ள ஒயின் கிடைக்கும். ஜார்ஜியா நாட்டினர் மண்ணில் புதைத்த க்வெவ்ரி என்னும் பெரிய தாழிகளில் இவ்வாறு செய்யும் முறையை யுனெஸ்கோ 2013இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

தோலிலிருந்து வருவது நிறம் மட்டுமன்று. சிவப்பு ஒயினில் ஈறும் நாக்கும் வறண்டு இறுகுவதுபோல் தோன்றும் துவர்ப்பு, தோலிலும் விதையிலும் உள்ள டானின்களால் வருவது. அவை உமிழ்நீரின் புரதங்களைப் பற்றித் திரளச் செய்வதால் வாயின் வழுவழுப்பு குறைகிறது. இந்தத் துவர்ப்பு வாய்க்கு வாய் கூடிக்கொண்டே போகும் தன்மையுடையது. குளிரில் இன்னும் முரட்டுத்தனமாகத் தெரியும். வெள்ளையைப் போலச் சிவப்பைக் கடுங்குளிரில் வைக்கக் கூடாது என்பதற்கான காரணம் இதில் இருக்கிறது. இரண்டு சிவப்புகளுக்கு இடையே தண்ணீரும் ஒரு துண்டு வெறும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு, இரண்டு நிமிடம் பேசாமல் பொறுத்திருந்தால் வாய் பழைய நிலைக்குத் திரும்பும். பேசாமல் இருப்பதுதான் கூட்டத்தில் கடினம்.

கேள்வி: ஒவ்வொரு ஒயினுக்கும் தனிவகைக் கோப்பை வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒயின் சுவைப்பதற்கென்றே 1977இல் வகுக்கப்பட்ட ஐ.எஸ்.ஓ. (பன்னாட்டுத் தரநிலை அமைப்பு) 3591 என்ற தரநிலையின் கோப்பை ஒன்றே, சிவப்புக்கும் வெள்ளைக்கும் போதுமென்று வடிவமைக்கப்பட்டது. மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய 215 மி.லி.; அதில் 50 மி.லி. மட்டுமே ஊற்ற வேண்டும். வயிறு அகன்று வாய் குறுகிய எந்தக் கோப்பையும் அந்த வேலையைச் செய்யும். சுழற்றும்போது எழும் மணம் கலையாமல் மேலே தங்குவதற்கு இடம் வேண்டும், அவ்வளவுதான். தண்டைப் பிடித்துத் தூக்குங்கள். உள்ளங்கைச் சூடு கோடையில் ஒயினுக்குத் தேவையில்லாதது.

கேள்வி: சிரா ஒயினில் மிளகு மணக்கிறது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. என் மூக்கில் குறையா?

பதில்: குறை என்று சொல்ல மாட்டேன். அந்த மிளகு மணத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்னும் சேர்மத்தை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் இனங்கண்டார்கள்; மிளகிலும் மிளகு மணம் அதனால்தான். அந்த ஆய்வில் சுவைத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, மிக உயர்ந்த அளவில் கலந்து கொடுத்தபோதும் அது சிறிதும் தெரியவில்லை. நீங்கள் அந்த ஐந்தில் ஒருவராக இருக்கலாம். உங்களுக்குத் தெரியும் வேறொன்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

ஆனால் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு அது உண்மையிலேயே தெரிந்ததா, அல்லது முதலில் பேசியவர் சொன்னதால் தெரிந்ததா? பிரான்சின் போர்டோ நகரில் 54 பேரிடம் நடத்திய சோதனை ஒன்றின் முடிவு 2001இல் வெளியானது. மணமில்லாத சாயத்தால் சிவப்பாக்கப்பட்ட வெள்ளை ஒயினை அவர்களிடம் கொடுத்தபோது, முன்பு அதே ஒயினை வெள்ளை ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தவர்கள், இப்போது சிவப்புக்குரிய சொற்களை எடுத்தாண்டார்கள். அவர்கள் ஒயினியல் படிக்கும் மாணவர்கள். கண் சொன்னதை மூக்கு கேட்டுக்கொண்டது. இந்தச் சோதனையைக் காட்டி ஒயின் சுவைத்தலே ஏமாற்று வேலை என்று வாதிடுவோர் உண்டு, அது மிகை. கண்ணால் பார்ப்பதும் காதால் கேட்பதும் மூக்கின் தீர்ப்பில் கலந்துவிடும் என்பதையே அது நிறுவுகிறது. ஆகவே அவற்றைத் தள்ளிவைத்துச் சுவைக்க வேண்டும் என்றே நான் கொள்வேன்.

தள்ளிவைப்பதற்கான வழி எளிது. புட்டிகளைத் தாளால் சுற்றி எண்ணிட்டுவிடுங்கள். ஒவ்வொருவரும் தம் கருத்தைத் தாளில் எழுதி முடிக்கும்வரை எவரும் வாய் திறக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கிலேய ஒயின் வணிகர் நடத்திய சுவைத்தேர்வில் பிரெஞ்சு நடுவர்கள் பெயர் மறைத்த புட்டிகளிலிருந்து சுவைத்தபோது, வெள்ளையிலும் சிவப்பிலும் முதலிடம் பெற்றவை கலிஃபோர்னியா ஒயின்கள்: 1973ஆம் ஆண்டின் ஷாட்டோ மாண்டலீனா ஷார்டொனே, அதே ஆண்டின் ஸ்டாக்ஸ் லீப் காபர்னே. பெயர் தெரிந்திருந்தால் அந்த முடிவு வந்திருக்காது என்பதே என் துணிபு. எழுதுவதற்குச் சொல் கிடைக்காதவர்களுக்கு, டேவிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆன் நோபிள் 1980களில் உருவாக்கிய மணச் சக்கரம் உதவும். 'பழம்' என்பதில் தொடங்கி, எந்த வகைப் பழம், அதில் எது என்று படிப்படியாக வெளிநோக்கி நகரும் வட்டம் அது.

கோடைக்கே உரிய எச்சரிக்கை ஒன்று: வெயில் தாங்கும் களிம்பும் கொசுவிரட்டியும் பூசிக்கொண்டு வந்து அமர்ந்தால், மேசையைச் சுற்றி இருக்கும் ஆறு பேருக்கும் அந்த வாடையே எல்லா ஒயினிலும் தெரியும். வாசனைத் திரவியமும் அப்படியே. முடிந்தால் வெயில் ஏறுமுன், முற்பகலில் சுவையுங்கள். மூக்கும் நாக்கும் அப்போதுதான் விழிப்பாக இருக்கும்.

கேள்வி: ஃப்ரிட்ஜில் வைத்த வெள்ளை ஒயினின் அடியில் கண்ணாடித் துகள்போல் ஏதோ படிந்திருக்கிறது. குடிக்கலாமா?

பதில்: குடிக்கலாம். திராட்சையின் டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து குளிரில் படிகமானது அது. மெதுவாக ஊற்றினால் அடியிலேயே தங்கிவிடும்.

கேள்வி: சுழற்றிய பின் கோப்பையின் உட்புறத்தில் வழியும் கோடுகள் தரத்தைக் காட்டுமா?

பதில்: காட்டாது. ஆல்கஹால் நீரைவிட விரைவாக ஆவியாவதால் மேற்பரப்பு இழுவிசையில் உண்டாகும் வேறுபாடு அது. கார்லோ மாராங்கோனியின் பெயரால் வழங்கும் விளைவு. ஆல்கஹால் கூடுதல் என்பதற்கு மேல் அதில் படிக்க ஒன்றுமில்லை.

கேள்வி: வாங்கிய புட்டிகள் பகல் முழுவதும் காரில் இருந்துவிட்டன. கெட்டிருக்குமா?

பதில்: வெயிலில் நின்ற காருக்குள் சில மணி நேரத்திலேயே ஒயின் பாழாகலாம். சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை மேலே தள்ளும். கார்க் சற்று எழும்பியிருந்தாலோ, அதன் ஓரத்தில் ஒயின் கசிந்திருந்தாலோ ஐயப்படுங்கள். திறந்ததும் புதுப்பழத்தின் மணம் போய், காய்ச்சிய பழக்கூழின் மணம் வந்தால் உறுதி. ஈரமான அட்டைப்பெட்டி போலவும் பூஞ்சணம் போலவும் நாறினால் அது வேறு கேடு; கார்க்கிலிருந்து வரும் ட்ரைகுளோரோஅனிசோல் என்னும் சேர்மம், லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே ஒயினின் மணத்தைக் கொன்றுவிடும். அதற்குக் காரும் வெயிலும் பொறுப்பல்ல. கார்க் இல்லாத திருகுமூடிப் புட்டிகளில் அந்தத் தொல்லை மிக அரிது; திருகுமூடி என்றதும் முகம் சுளிப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

கேள்வி: சிவப்பு ஒயின் குடித்தால் எனக்குத் தலைவலி வருகிறது. ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்தான் காரணம் என்கிறார்கள்.

பதில்: அப்படியானால் வெள்ளையில் அல்லவா கூடுதலாக வலிக்க வேண்டும்! ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, இனிப்பில்லாத சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரையிலும் வெள்ளையில் 200 மில்லிகிராம் வரையிலும் சல்ஃபைட் இருக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்குச் சல்ஃபைட் மூச்சுத்திணறலைத் தூண்டும் என்பது உண்மை. தலைவலியை அதன் தலையில் கட்டுவதற்குச் சான்று போதாது. 2023இல் டேவிஸ் ஆய்வாளர்கள் வேறொரு கருதுகோளை முன்வைத்தார்கள்: வெயில் பட்ட திராட்சைத் தோலில் மிகும் குவெர்செட்டின் என்னும் சேர்மம், உடலுக்குள் சென்றபின், ஆல்கஹால் சிதையும்போது உண்டாகும் அசெட்டால்டிஹைட் என்னும் நச்சுப்பொருளை அகற்றும் நொதி ஒன்றைத் தடுப்பதால், அது தேங்கி வலி வரலாம் என்பது அது. ஆய்வகச் சோதனையை அடிப்படையாகக் கொண்ட கருத்து அது. தீர்ப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. மீண்டும் மீண்டும் வலி வருமானால் சிவப்பை விட்டுவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: நண்பர்களுக்கு முன்னால் ஒயினைத் துப்புவது நாகரிகக் குறைவாகாதா?

பதில்: ஒயினைத் தொழிலாகச் சுவைப்பவர்கள் அனைவரும் துப்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு நான்கு ஒயின், ஒவ்வொன்றிலும் 50 மி.லி. என்றால் 200 மி.லி.; 13 விழுக்காடு ஆல்கஹால் என்று கொண்டால் அதில் ஏறக்குறைய 20 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. எல்லாவற்றையும் விழுங்கினால் நான்காவது ஒயினுக்கு நீங்கள் வழங்கும் தீர்ப்பு உங்களுடையதாக இராது. வெயிலில் உடல் நீரிழப்பு வேறு. எல்லோர் கைக்கும் எட்டும்படி ஒளிபுகாத பாத்திரம் ஒன்றை வைத்துவிட்டு, முதலில் நீங்களே துப்பிக் காட்டினால் மற்றவர்களின் கூச்சம் போய்விடும். மணத்தின் பெரும்பகுதி, ஒயின் வாயில் இருக்கும்போதே தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறிவிடுவதால், விழுங்காததால் சுவைப்பவருக்கு இழப்பு அதிகமில்லை. துப்பினாலும் சிறிதளவு உள்ளே போகும். வண்டி ஓட்டப் போகிறவரும் கர்ப்பிணியும் முகர்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆல்கஹாலில் முற்றிலும் தீங்கற்ற அளவு என்று எதுவும் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆகவே 'சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது' என்று யாரேனும் உங்கள் மேசையில் தொடங்கினால், பேச்சை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: மிஞ்சிய ஒயினை என்ன செய்வது?

பதில்: ஆறு பேருக்கு 50 மி.லி. வீதம் ஊற்றினால் 750 மி.லி. புட்டியில் 450 மி.லி. மிஞ்சும். அதிலிருந்து, பாதி அளவுள்ள, கழுவி உலர்த்திய 375 மி.லி. புட்டியை விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். மேலே காற்றுக்கு இடமில்லாததால் கெடுவது தாமதமாகும். சிவப்பையும் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும்; மெல்லிய பீனோ நுவார் அதற்கும் முன்பே தளர்ந்துவிடும், டானின் மிகுந்த காபர்னே சற்றுக் கூடுதலாக நிற்கும். சனிக்கிழமை மிஞ்சியதில் ஒவ்வொன்றிலும் இரண்டு வாய் அளவை மட்டும் ஞாயிறன்று பெயர் மறைத்து மறுபடி ஊற்றி, முதல் நாள் எழுதிய தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரீஸ்லிங் அநேகமாக அப்படியே இருக்கும்; சாவின்யோன் பிளாங்கின் மணம் பாதி போயிருக்கும்.